மிச்சம் வைக்காமல் குடித்த மிஷின் காபி

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் எல்லாமே பிரஷர் கணக்குதான். தண்ணீருக்கு ஆழ்துளை போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தார். லாரிமேல் கம்ப்ரசர், கம்ப்ரசர் அடிக்கிற காற்று, காற்று போய் உடைக்கிற பாறை, இது தவிர வேறு எதுவும் அவர் மண்டைக்குள் இறங்கினதில்லை. ஒரு மனுஷனைப் பற்றிக் கேட்டால்கூட, "ஆளு நல்ல ஆளுதான், பிரஷர்தான் பத்தாது" என்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குக் காபி மிஷின் வாங்கக் கிளம்பினார். கூடவே போனவள் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாவதோடு தீர்ந்துவிட்டது, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கட்டுத்தறியில் எருமைகள் வரிசையாக நிற்கும். பால் கெட்டியாக இருக்கும், தண்ணீர் கலந்தால்தான் காபிக்கு ஆகும். என் மாமியார் காலத்தில் வாங்கின பித்தளை பில்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அது வந்த புதிதில் ஊரே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனதாம். ஒரு சொம்புக்கு அடியில் ஓட்டை போட்டதை எதற்கு ஊரே வந்து பார்த்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆக, எங்கள் வீட்டில் காபி குடிப்பதைவிடக் காபிப் பாத்திரத்தைக் காட்டுவதுதான் பரம்பரை வழக்கம். என் வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அந்த வருஷம் எங்கள் மகளுக்கு இரண்டு இடம் வந்தது. ஒன்று, ராசிபுரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். எங்கள் ஊரில் ஒரு பஸ் ஏறினால் அவர்கள் ஊர் முக்கில் இறங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, இவருடைய ரிக் கூட்டாளியின் மகன். வடக்கே எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டு அங்கேயே வீடும் எடுத்துத் தங்கிவிட்டவன். ரயில் ஏறி, மாறி, திரும்பவும் ஏறி, இறங்கினால் பேச்சும் புரியாது, பசிக்குச் சோறும் கிடைக்காது. இவருக்கு அந்த இடத்தின்மேல்தான் ஆசை. "நம்ம தொழில் தெரிஞ்ச பையன்" என்றார்.

"என்ற புள்ளைய நான் பாக்கோணும்னா ரிக் வண்டி மேல ஏறிப் போறதுங்களா?" என்று கேட்டேன்.

பேச்சு வளர்ந்து கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. ராசிபுரத்துக்காரர்கள் முதலில் பெண் பார்க்க வரட்டும். அமைந்தால் சரி. தட்டிப்போனால் மறுபேச்சில்லாமல் வடக்கத்திக்காரனுக்கே கொடுத்துவிட வேண்டியது. நான் ஒத்துக்கொண்டேன். மகளை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு இருக்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்கமாட்டார்கள். சோறு கிடையாது. பலகாரத்தை ஒப்புக்குத் தொட்டு வைப்பார்கள். காபி மட்டும் குடிப்பார்கள். பையனைப் பெற்றவள் காபியைக் குடித்து முடித்தால் மேற்கொண்டு பேசலாம். பாதியில் வைத்துவிட்டால், வாயால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பைத் தேடப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு டம்ளருக்குள் ஊற்றி வைத்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை. ஆண்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. திருச்செங்கோட்டு மண்டபத்தில் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு குழாய். டம்ளர் பாலுக்குள் அந்தக் குழாயை விட்டால் புர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் நுரை. நுரைமேல் ஒரு சிட்டிகை காபித்தூளைத் தூவி மிஷின்காரன் நீட்டுவான். தாலி கட்டும்போது மணமேடைக்கு முன்னால் இருந்ததைவிட அந்த மிஷினுக்கு முன்னால்தான் கூட்டம். என் வீட்டுக்காரர் அர்ச்சனைத் தட்டோடு சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

"பாத்தியா புள்ளே? ஸ்டீமு! முழுக்க ஸ்டீமுலயே ஓடுது!"

"பாத்தனுங்க. காபி எப்பிடி இருந்துச்சு?"

"காபியா?" என்று யோசித்தார். குடித்திருக்கிறார், கவனிக்கவில்லை.

வீடு வந்து சேர்வதற்குள் முடிவு எடுத்துவிட்டார். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு நம்ம ஊட்டுல மிஷின் காபி." அதோடு நின்றாலாவது பரவாயில்லை. நடுவில் நின்று பேசின சொந்தக்காரரிடமும் சொல்லிவிட்டார். அவர் ராசிபுரத்தில் போய்ச் சொல்லிவிட்டார். மிஷின் எங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்னால் மிஷின் காபி ராசிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி பில்டரை எடுத்தால் மானம் போய்விடும்.

சேலத்துக்கு பஸ் ஏறினோம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடைச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து, பாத்திரக்கடைகளைத் தாண்டி, மின்விசிறியும் மிக்சியும் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மூன்று மிஷின்களை மேசைமேல் எடுத்து வைத்தார்.

முதலாவது, இரண்டு சொம்பை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைத்த மாதிரி இருந்தது. "கீழ தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சீங்கன்னா, தண்ணி மேல ஏறிக் காபியா வந்துரும் சார்."

"அட, போரு மாதிரி!" என்று இவர் குனிந்து உள்ளே பார்த்தார். குரல் கொடுத்தால் எதிரொலி வருமா என்று கேட்கிற மாதிரி காதைக்கூடக் கொண்டுபோனார்.

"எத்தன பேருக்குங்க வரும்?" என்று நான் கேட்டேன்.

"மூணு கப்புங்கம்மா" என்று கப்பைக் காட்டினார். குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற சங்கைவிட ஒரு சுற்றுப் பெரிது.

"எங்க ஊட்டுல பூனை ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு வேணா ஆகும்" என்றேன்.

இரண்டாவது கரண்டில் ஓடுவது. மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே கண்ணாடிச் சாடியில் காபி இறங்குமாம். "அப்பிடியே சொட்டுச் சொட்டா எறங்கும் சார்."

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சொட்டுச் சொட்டா எறங்குனா அது பெயிலான போருய்யா." தவிர, எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் சாயங்காலம் பல்பு எரிவது பழுத்த கோவைப்பழம் தொங்குகிற மாதிரி இருக்கும். அந்தக் கரண்டில் காபி இறங்குவதற்குள் பெண் பார்க்க வந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவதுதான் வினை. கேஸ் அடுப்பில் வைக்கிற மிஷின். பளபளவென்று ஒரு வயிறு, பக்கத்தில் வளைந்த நீராவிக் குழாய், உச்சியில் பிரஷர் காட்ட, கடிகாரம் மாதிரி ஒரு முள். அந்த முள்ளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்தில் என் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோதுகூட அவர் அப்படிச் செய்யவில்லை.

"கேஜு வெச்சிருக்கானுங்களே! எத்தன பிரஷர் புடிக்குமுங்க?"

"நல்லாப் புடிக்கும் சார்" என்றார் கடைக்காரர். அவருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது. இவருக்குத் தெரியவில்லை. தன் கம்ப்ரசர் எவ்வளவு பிடிக்கும், பாறை எந்த ஆழத்தில் எப்படி இருக்கும் என்று கடைக்காரருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அவரும் வியாபாரம் நடக்கட்டும் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு காபி போட்டுக் காட்டுங்க" என்றேன் நான்.

"இங்க கேஸ் இல்லீங்கம்மா. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, அப்புறம் கடைக் காபியே குடிக்கமாட்டீங்க."

எருமை வாங்கப் போனால் நாங்கள் பால் கறந்து பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டோம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். காபி மிஷினைக் காபி போட்டுப் பார்க்காமல் வாங்கின வீடு எங்கள் வீடுதான். வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் மிஷின் உட்கார்ந்து வந்தது. பக்கத்தில் இவர். நான் பின்னால் கோழிக்கூடைக்காரி பக்கத்தில்.

வீட்டில் முதல் தடவை போட்டபோது அது கத்தின கத்தலில் கட்டுத்தறியில் நின்ற எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அது பாலே விடவில்லை. கெட்டிப் பால் குழாயில் பட்டதும் பொங்கி, பாதி டம்ளர் நுரையும் கால் டம்ளர் காபியும் மீதி அடுப்பு மேலுமாக நின்றது. இவர் குடித்துவிட்டு, "முள்ளு சரியா நிக்குது" என்றார்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது. நீராவி பக்கவாட்டில் சீறியது. சேலத்துக்குப் போய் வர நேரம் இல்லை. நான் மனசுக்குள் திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன், மிஷினோடு பீடை தொலைந்தது என்று. இவர் கலங்கவே இல்லை. நேராக வண்டிக்குப் போனார். காற்றுக் கசியாமல் கம்ப்ரசருக்குப் போடுகிற ரப்பர் பாக்கிங் ஷீட் ஒன்றை எடுத்து, மூடியை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, வட்டமாக வெட்டி மாட்டிவிட்டார். அச்சு அசலாக உட்கார்ந்தது. ஒரு துளி கசியவில்லை.

"பாத்தியா? கம்பெனிக்காரன் போட்டதவிட நம்மளுது ஸ்ட்ராங்கு."

அந்த ஷீட் வருஷக்கணக்காக டீசலும் கிரீஸும் குடித்து வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது. காபியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் டயர் மாற்றுகிற பட்டறை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் அடிக்கலயே" என்றார். பொய் இல்லை. அத்தனை வருஷம் டீசல் புகைக்குள் கிடந்த மூக்கு அது. அதற்கு மல்லிகைப் பூவும் டீசலும் ஒன்றுதான்.

மறுநாள் ராசிபுரத்துக்காரர்கள் வந்தார்கள். பையன், பையனின் அப்பா, அம்மா, தாய்மாமன். இவர் வெள்ளைச் சட்டையோடு அடுப்படியில் நின்றுகொண்டார். அன்றைக்கு அடுப்படிக்கு அவர்தான் டிரைவர், என்னை உள்ளே விடவில்லை. மிஷின் கத்தியது. மகள் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று காதைக் கடித்தாள்.

"அம்மா, இதயா குடுக்கறது? டயர் நாத்தம் அடிக்குது."

"உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"சொல்லீட்டேன். பிரஷர் கரெக்டா இருக்குதுங்கறாரு."

கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு டம்ளர் வழிய ஊற்றுவதுதான் மரியாதை. தாய்மாமன் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். நுரை அசைந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அடியில் காபி தெரிந்தது.

"ஏனுங்க, எருமையெல்லாம் வத்திப் போச்சுங்களா? பாதி டம்ளர் வெறும் காத்தா இருக்குதே."

"காத்து அடிக்கறதுதானுங்க எங்க தொழிலே" என்று சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

பையனின் அப்பாவோ அடுப்படிப் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிஷின் எங்கீங்க? பாக்கலாமுங்களா?" என்று எழுந்தே போய்விட்டார். கையில் இருந்த காபியை நடந்துகொண்டே குடித்தார். உள்ளே என் வீட்டுக்காரர், முள் எதற்கு, குழாய் எதற்கு என்று விளக்குகிற சத்தம் கேட்டது.

இந்தப் பக்கம் பையனின் அம்மா ஒரு வாய் குடித்தாள். ஒரே ஒரு வாய். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் டம்ளரைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புடவை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தாய்மாமன் தன் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

எனக்கு ரயில் கூவுகிற சத்தமே கேட்டுவிட்டது. உள்ளே என் வீட்டுக்காரர் பிரஷரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வெளியே அவர் பெற்ற பெண்ணை வடக்கே போகிற ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கெஞ்சி எனக்குப் பழக்கம் இல்லை. எழுந்து அந்தம்மாளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மிணி, காபி புடிக்கலீன்னா வெச்சுப்போடுங்க. அது எங்க ஊட்டுக்காரரு போட்டது. பொண்ணு நான் பெத்தது. பொண்ணு புடிக்கலீன்னா மட்டும் வாயத் தொறந்து சொல்லுங்க. அவரு மிஷின் வாங்குன பாவத்த எம்புள்ள தலையில கட்டிப்போட்டுப் போயிராதீங்க."

தாய்மாமன் துண்டைத் தோளிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தம்மாள் என்னையே பார்த்தாள். இப்படிப் பேசுகிறவள் வீட்டில் பெண் எடுக்கலாமா என்று யோசிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அவளுக்குத் தோள் குலுங்குகிறது. சிரிப்பு.

"பொண்ணு புடிச்சிருக்குதுங்க்கா. காபிதான், என்னமோ லாரிக்கு அடியில படுத்திருக்கற மாதிரி இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து, கண்ணை மூடி, கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அக்கா குடித்தபிறகு தம்பி குடிக்காமல் இருக்க முடியுமா? தாய்மாமன் குடித்தபோது அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும்.

போகும்போது அந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மிச்சம் வெக்காமக் குடிச்சுப்போட்டனுங்க்கா. ஊடு பாக்க எங்க ஊருக்கு வருவீங்கல்ல, அப்பப் பாத்துக்கறேன்."

பெண் வீட்டார் போய்ப் பையன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால்தான் பேச்சு முழுசாக முடியும். போனோம். ஒரே பஸ். முக்கில் இறங்கி, இரண்டு பக்கமும் கரும்புக்காடு, பேசிக்கொண்டே நடந்தால் வீடு வந்துவிடுகிறது. இவ்வளவுதானா தூரம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. புர்ர்.

எங்கள் வீட்டு மிஷினைப் பார்த்துவிட்டுப் போன பையனின் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டதாம். சேலத்துக்குப் போய் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவந்து வைத்திருந்தார்.

"உங்களுது ஒத்தக் கொழாயிங்க. நம்மளுது ரெட்டை" என்றார் என் வீட்டுக்காரரிடம். இவருக்கு ஆயிரம் அடி இறங்கியும் புகை மட்டும் வந்த போரைப் பார்க்கிற முகம்.

காபியை அந்தம்மாளே கொண்டுவந்தாள். எங்கள் வீட்டு நுரையைப் பற்றித் தன் தம்பி சொன்னதை அவள் மறக்கவில்லை. நுரையை வழித்துப் போட்டுவிட்டு, விரல் நனைய, டம்ளர் வழிய ஊற்றியிருந்தாள். ஒரு வாய் வைத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் ஞாபகம் வந்தது. சீயக்காய்! புது மிஷின் ஆயிற்றே என்று பையனின் அப்பா உள்ளேயும் குழாயிலும் சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். தூள் உள்ளேயே தங்கிவிட்டது.

அந்தம்மாள் என் எதிரில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "மிச்சம் வெக்காதீங்க்கா. மிச்சம் வெச்சா ஊடு புடிக்கலீன்னு ஆயிப்போகும்."

ஒரு பஸ், ஒரு முக்கு, கரும்புக்காடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே குடித்தேன். அடி மண்டி வரைக்கும் குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் தோற்க மனசு வரவில்லை.

"நல்லா இருக்குதுங்களே அம்மிணி. இன்னொரு டம்ளர் இருக்குதுங்களா?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவள் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. "பாத்தியா, பாத்தியா! சம்பந்தியம்மாவுக்கு நம்ம மிஷின் காபி எவ்வளவு புடிச்சுப் போச்சுன்னு!" என்று அவரே உள்ளே ஓடினார். சம்பந்தி என்று முதலில் அவர் வாயில் வந்தது அப்போதுதான். அன்றைக்கே பேச்சு முடிந்தது. இரண்டாவது டம்ளரையும் குடித்தேன்.

எங்கள் வீட்டு மிஷின் கொஞ்ச நாளில் பரணுக்குப் போனது. அதன் உச்சியில் இருந்த முள்ளை மட்டும் என் வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டுபோய் ரிக் வண்டியில் டிரைவர் முன்னால் மாட்டி வைத்தார். எதையும் காட்டாது, அழகுக்கு.

ராசிபுரத்து மிஷின் அப்படிப் போகவில்லை. எனக்காகவே அதை வைத்திருந்தார் சம்பந்தி. அவர்கள் வீட்டில் வேறு யாரும் அதில் குடிப்பதில்லை. நான் போகிற அன்றைக்கு மட்டும் துடைத்து, சீயக்காய் போட்டுக் கழுவி, அடுப்பில் ஏற்றிவிடுவார். மகள் வாசல்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். சம்பந்தியம்மாள் அவள் பின்னால் நின்று சிரிப்பாள். நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்க்கொண்டுதான் இருந்தேன். முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரும்புக்காட்டு வழியில் நடக்கும்போதே அந்தச் சத்தம் கேட்கும். கேட்டதும் வாய் கசக்கும், கால் வேகமாகும்.